கப்பல் யாத்திரையும் கால் வீக்கமும்

ஒரு காலத்தில் நம் ஊரில் கப்பலேறியவை இரண்டுதான். ஒன்று, தோட்ட வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்ட ஏழை ஜனங்கள். மற்றொன்று, குடும்பத்தின் மானம். இப்போது காலம் மாறிவிட்டது. 2022-ஆம் வருஷம் ஜூன் 4-ந் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்ப்ரெஸ்' என்னும் உல்லாசக் கப்பலை முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பி வைத்தார். மறு வருஷம் ஜூன் 5-ந் தேதி அதே கப்பல் இலங்கைக்கும் புறப்பட்டது. அது முதல் எங்கள் பாலவாக்கத்துக் கடற்கரையில் மாலை வேளைகளில் உலாவ வருகிறவர்களுக்குப் புதியதொரு பேச்சு கிடைத்திருக்கிறது. பிள்ளைகளும் பெண்களும் டிக்கெட் வாங்கிக் கொடுத்து வயதான தாய் தந்தையரைக் கப்பலில் அனுப்பி வைக்கிறார்கள். திரும்பி வந்தவர்கள் முதலில் சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறார்கள். பிறகு குரலைத் தாழ்த்திக் கொண்டு காலைப் பற்றிச் சொல்கிறார்கள். "இரண்டாம் நாளே பாதம் இரண்டும் பூரி மாதிரி உப்பிவிட்டது, செருப்பு நுழையவில்லை" என்கிறார்கள். கடற்காற்றுதான் காரணம் என்று தீர்ப்பும் கூறிவிடுகிறார்கள்.

கடற்காற்று இதில் நிரபராதி. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆயுள் முழுவதும் வசிக்கிறவர்களுக்குக் கால் வீங்குவதில்லையே!

வகுப்பில் தினந்தோறும் ஐந்து மணி நேரம் நின்று பாடம் சொல்லும் என்னைப் போன்றவர்களுக்கு இந்த வீக்கத்தின் காரணம் அனுபவத்தில் தெரிந்ததுதான். பாதத்துக்கு இறங்கி வந்த இரத்தம் மறுபடியும் இருதயத்துக்கு ஏறிப் போக வேண்டும். கீழே இறங்குவதற்கு இருதயம் தள்ளிவிடுகிறது. மேலே ஏறுவதற்கு யார் தள்ளுவது? கெண்டைக்கால் சதைதான். நாம் அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் அது சுருங்கி, உள்ளே இருக்கும் சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே அனுப்புகிறது. அப்படி ஏறிய இரத்தம் திரும்ப வழிந்துவிடாமல் சிரைகளுக்குள்ளே சின்னஞ்சிறு கதவுகள் இருக்கின்றன. இத்தாலியில் பதுவா நகரத்து ஆசிரியர் பப்ரீஷியஸ் 1603-இல் அந்தக் கதவுகளை வர்ணித்து ஒரு நூல் வெளியிட்டார். அவை எதற்காக என்பதை 1628-இல் உலகத்துக்கு விளக்கியவர் அவருடைய மாணாக்கர் வில்லியம் ஹார்வி. வாத்தியார் கண்டதை மாணாக்கன் புரிந்துகொள்வது எங்கள் தொழிலில் அடிக்கடி நடப்பதல்ல. ஆகையால் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அசையாமல் நிற்கிற ஒருவருடைய கணுக்காலில் சிரையின் அழுத்தம் பாதரசக் கணக்கில் 80 முதல் 90 மில்லிமீட்டர் வரை இருக்கிறது. அவரே பத்து அடி நடந்தால் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. நடக்காவிட்டால் குறையாது. குறையாவிட்டால், இரத்தத்திலுள்ள நீர் மெல்லிய குழாய்களின் சுவர் வழியே கசிந்து பாதத்தில் தங்குகிறது. விரலால் அழுத்தினால் குழி விழுகிறதே, அது இந்த நீர்தான்.

இனிக் கப்பலுக்கு வருவோம். பாலவாக்கத்திலிருந்து மோட்டாரில் துறைமுகம் போய்ச் சேர்வதற்குள் ஒரு மணி நேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாகிவிட்டது. பிறகு சோதனை வரிசையில் நிற்க வேண்டும். கப்பலேறிய பின் விருந்து. விருந்துக்குப் பின் ஆட்டபாட்டம் பார்க்க நாற்காலி. அதற்குப் பின் மேல்தளத்தில் சாய்வு நாற்காலி. வெயிலின் உஷ்ணத்தில் தோலிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன, கசிவு அதிகமாகிறது. இத்தனையும் போதாதென்று உப்பு வேறு.

உப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் நரம்பில் ஏற்றுகிறார்களே, அந்த உப்பு நீரில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கிறது. நம் உடம்பிலுள்ள நீரும் ஏறத்தாழ அதே உவர்ப்புத்தான். ஆகவே வழக்கத்துக்கு மேல் 9 கிராம் உப்பு உடம்பில் தங்கினால், அதைக் கரைத்து வைத்துக்கொள்ள ஒரு லிட்டர் நீரும் தங்கியாக வேண்டும். சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். ஆனால் உடனே அல்ல. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, உப்புப் போதும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை. கப்பல் விருந்திலோ சூப்பு, சீஸ், ரொட்டி, வறுவல் எல்லாம் இலவசம் போல் தோன்றும். டிக்கெட்டில் பணம் கட்டியாகிவிட்டதல்லவா? கட்டிய பணத்தைச் சாப்பிட்டே வசூல் செய்துவிட வேண்டுமென்று புறப்படுகிறவர்களும் உண்டு. போதாக்குறைக்கு நம்மவர்கள் வீட்டிலிருந்து ஆவக்காய் புட்டியும் கொண்டு போகிறார்கள். ஊறுகாயையும் அப்பளத்தையும் மூன்று நாளைக்குக் கரையிலேயே விட்டுச் செல்வது உத்தமம்.

வீக்கம் என்றால் நீர்தானே என்று எண்ணித் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பயனற்ற காரியம், வெயிலில் அபாயமும்கூட. இருதயம் அல்லது சிறுநீரகக் கோளாறுக்காக வைத்தியர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவே பிரமாணம். மற்றவர்கள் தாகத்துக்குத் தாராளமாகக் குடிக்கலாம்.

நடையைப் போன்ற மருந்து வேறில்லை. எம்ப்ரெஸ் கப்பலின் நீளம் 200 மீட்டருக்கு மேல். காலையும் மாலையும் வெயில் தாழ்ந்திருக்கும்போது முன்னும் பின்னுமாக உலாவலாம். ஒரு மணிக்கு ஒரு தடவையாவது எழுந்திருக்க வேண்டும். எழ முடியாத இடத்தில், தையல் இயந்திரம் மிதிப்பதுபோல் குதிகாலையும் நுனிக்காலையும் மாற்றி மாற்றி உயர்த்தினாலும் கெண்டைக்கால் வேலை செய்யும். பிற்பகலில் அறைக்குப் போய், இருதயத்துக்கு மேல் பாதம் உயரும்படி தலையணைகளை அடுக்கிக் காலை வைத்து அரைமணி நேரம் படுக்க வேண்டும். முக்காலியின்மேல் காலை வைத்துக்கொண்டு உட்காருவது இதற்கு ஈடாகாது. இறுக்கிப் பிடிக்கும் மீள்துணிக் காலுறைகளும் உதவும். ஆனால் அவற்றைக் காலையில் கட்டிலிலிருந்து இறங்குவதற்கு முன்பே மாட்டிக்கொள்ள வேண்டும்; வீங்கிய பிறகு மாட்டுவது, வெள்ளம் வந்தபின் அணை கட்டுவது போலாகும். சர்க்கரை வியாதியால் பாதம் மரத்துப் போனவர்களும், காலுக்கு இரத்த ஓட்டம் குறைந்தவர்களும் வைத்தியரைக் கேட்காமல் அவற்றைத் தொடக்கூடாது.

சாய்வு நாற்காலியைப் பற்றி ஒரு சரித்திரம் உண்டு. 1940-இல் லண்டனில் குண்டு மழை பொழிந்தபோது, பாதுகாப்புக் கிடங்குகளில் ஜனங்கள் கப்பல் தளத்தில் போடும் கித்தான் நாற்காலிகளிலேயே இரவைக் கழித்தார்கள். அவர்களில் சிலர் குண்டு படாமலே திடீரென்று மாண்டார்கள். கெய்த் ஸிம்ப்ஸன் என்னும் வைத்தியர் ஆராய்ந்தார். நாற்காலியின் முன்கட்டை தொடையின் பின்புறத்தை மணிக்கணக்காக அழுத்தியதில் காலில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது என்று அந்த வருஷமே 'லான்ஸெட்' பத்திரிகையில் எழுதினார். கப்பலில் சாய்வு நாற்காலியில் சாய வேண்டாம் என்பதல்ல. அதிலேயே குடியிருக்க வேண்டாம்.

கடற்பிரயாணத்தில் கால் வீக்கம் வேறொரு பெயரோடும் ஒரு காலத்தில் வந்தது. ஜப்பானியக் கடற்படைக் கப்பல் 'ரியூஜோ' 1882-83-இல் செய்த நீண்ட யாத்திரையில் 376 பேரில் 169 பேருக்குப் பெரிபெரி கண்டது. 25 பேர் இறந்தார்கள். தக்காகி என்னும் வைத்தியர், சாப்பாட்டில் தீட்டிய அரிசியே பிரதானமாக இருந்ததைக் கவனித்தார். 1884-இல் மற்றொரு கப்பலை, சாப்பாட்டை மாற்றி, அதே வழியில் அனுப்பினார். சாவு ஒன்றும் நேரவில்லை. மலாய் நாட்டிலோ, பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளிகள் பெரிபெரியால் மடியும்போது, புழுங்கலரிசி உண்ட நம் தமிழ்த் தொழிலாளிகள் தப்புவதைப் பிராடன் என்ற வைத்தியர் கண்டு 1907-இல் நூல் எழுதினார். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார்கள் அடுப்படியில் செய்ததை உலகம் ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்தது. நிற்க.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஒரு மாமிக்கு அவர் பெண் கப்பல் டிக்கெட் அனுப்பியிருந்தாள். புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பு மாமி புடவைத் தலைப்பை வலது பாதத்தின்மேல் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து விசாரித்தேன். வலது கால் மட்டும் முழங்கால் வரை வீங்கியிருந்தது. கெண்டைக்காலைத் தொட்டால் வலி. "தைலம் தேய்த்து நீவிவிட்டால் சரியாகிவிடும், டீச்சர். பெண்ணிடம் சொல்லிவிடாதீர்கள். டாக்டரிடம் போனால் யாத்திரை போச்சு!" என்றார். அன்று இரவே பெண்ணுக்குச் சொல்லிவிட்டேன். பரிசோதனையில், தொடையிலுள்ள சிரையில் இரத்தம் உறைந்திருப்பது தெரிந்தது. கப்பல் மாமி இல்லாமலே போயிற்று. மாமி என்னோடு பதினைந்து நாள் பேசவில்லை. மருந்து சாப்பிட்டுக் குணமடைந்து, வைத்தியர் உத்தரவு பெற்று, மறு வருஷம் கப்பலேறினார்.

இரண்டு பாதமும் சமமாக வீங்கி, இரவு படுத்து எழுந்ததும் வடிந்துவிட்டால் கவலையில்லை. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், சூடாகச் சிவந்திருந்தால், அதை நீவவே கூடாது. அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும். வீக்கத்தோடு மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் ஒரு கணமும் தாமதிக்காமல் கப்பல் வைத்தியரைக் கூப்பிட வேண்டும். காலையில் முகம் உப்பினாலும், ஊர் திரும்பி ஒரு வாரமாகியும் வடியாவிட்டாலும், இருதயம், சிறுநீரகம், ஈரல் மூன்றையும் சோதித்துப் பார்க்க வேண்டும். பார்லிக் கஞ்சியும் நெருஞ்சில் கஷாயமும் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்லமாட்டா. இரத்த அழுத்தத்துக்காகப் பலர் சாப்பிடும் அம்லோடிபின் மாத்திரையும், மூட்டு வலிக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளும் காலை வீங்கச் செய்வதுண்டு. அழுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும், பக்கத்து வீட்டுக்காரரின் 'நீர் மாத்திரை'யை வாங்கிப் போட்டுக்கொள்வதும் கூடாது. யாத்திரைக்குப் பதினைந்து நாள் முன்பே வைத்தியரிடம் சொன்னால் அவர் மாற்றிக் கொடுப்பார்.

பெட்டி கட்டும்போது, வார் தளர்த்தக்கூடிய செருப்பு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் இரவில் உள்ளங்காலைப் பார்த்துவிட்டுப் படுக்க வேண்டும். வீங்கிய பாதத்தில் செருப்பு கடித்தது அவர்களுக்குத் தெரியாது. ஸ்திரீகள் மெட்டியைக் கவனிக்க வேண்டும். வீங்கிய விரலில் இறுகிப்போன மெட்டியைக் கழற்றக் கப்பலில் தட்டான் கிடையாது. கழற்ற மனம் இல்லாதவர்கள், புறப்படுமுன் அதன் வாயைச் சற்று அகலப்படுத்திக்கொண்டு போகலாம்.