பெயரறியாப் பவளம்

அண்மையில் மலாக்கா நகரில் என் பழைய மாணவர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். தோட்டத்துப் பள்ளியில் என்னிடம் தமிழ் கற்றவர். இன்று நல்ல பணியில் இருப்பவர். கூடத்தில் பெரியதொரு கண்ணாடித் தொட்டி. நீல விளக்கொளியில், உப்புநீருக்குள் பவளங்கள் அசைந்துகொண்டிருந்தன. ஒன்றைச் சுட்டி அதன் பெயரை வினவினேன். “ஊதா ஹேமர் ஐயா, இருநூறு வெள்ளி” என்றார். அஃது என்ன உயிர் என்றேன். “கல்லில் முளைக்கும் ஒருவகைச் செடிதானே?” என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அவரை நான் குறைகூறவில்லை. பவளம் நவமணிகளுள் ஒன்று என்று பொருள் சொல்லிவிட்டு அடுத்த பாடத்திற்குச் சென்ற ஆசிரியன் நான். மணியாகக் கோக்கும் செம்பவளம் மத்தியதரைக் கடலில் விளைவது; பவளத்திட்டுக் கட்டாதது. தொட்டியில் வளர்வதோ வெப்பக் கடல்களில் சுண்ணாம்புக் கூடு கட்டி வாழும் வேறினம். இரண்டுமே விலங்குகள். இதனைக்கூட அன்று நான் சொல்லித் தரவில்லை.

ஆயின், “அழகைக் கண்டு மகிழப் பெயர் எதற்கு?” என்று கேட்போரை நான் விடுவதற்கில்லை.

நிறத்தை வைத்துக் கடையில் சூட்டப்படும் பெயர் விலை கூறத்தான் பயன்படும். பவளத்தின் நிறம் அதன் திசுக்களில் வாழும் நுண்பாசிகளாலும் அதன் சொந்த நிறமிகளாலும் அமைவது. விளக்கை மாற்றினால் நிறம் மாறும். ஒளியும் நீரோட்டமும் மாறினால் கொத்தின் வடிவமே மாறிவிடும். ஆகவேதான் அறிஞர்கள் கூட்டிலுள்ள சிறு கிண்ணங்களையும், அவற்றுள் ஆரக்கால்போல் நிற்கும் தகடுகளையும் நோக்கி இனம் பிரித்தனர். இன்று மரபணுக்களையும் ஆராய்கின்றனர்.

பெயரறியாமையால் உயிருக்கே கேடு வருதலும் உண்டு. பாறைமேல் பித்தான்களைப் போலப் பரவும் பாலித்தோவா என்னும் பேரினத்துள் சில, பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உடையவை. ஹவாய் அறிஞர்கள் 1971இல் அந்நஞ்சைப் பிரித்தெடுத்து அறிவித்தனர். வேண்டாத பூண்டென்று எண்ணி, அவை படர்ந்த பாறைமேல் வெந்நீர் ஊற்றித் தேய்த்து, எழுந்த ஆவியை நுகர்ந்து மருத்துவமனை சேர்ந்தோரைப் பற்றி மருத்துவ ஏடுகள் எழுதியிருக்கின்றன. அழகு போதும் என்போர் இதற்கு என்ன விடை கூறுவர்?

நம் பெற்றோர் இவ்வாறு வாழ்ந்தவரல்லர். வெளியார் கண்ணுக்குத் தோட்டம் முழுவதும் ஒரே பால்மரம். மரம் சீவியவருக்கோ, இது கொட்டைமரம், இஃது ஒட்டுமரம், ஒட்டிலும் இஃது ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற வேறுபாடு தெரியும். பட்டையையும் பால் ஓடும் வகையையும் கண்டு பிரித்தறிந்தனர். பிழைப்பு அதில் இருந்தது. தொல்காப்பியரும் மரபியலில் உயிர்களை அறிவின் அளவால் ஒன்று முதல் ஆறு வரை வகுத்தார். உற்று நோக்கி வகுப்பது நமக்குப் புதிதன்று. நாம் கைவிட்ட பழக்கம்.

“அறிஞர்களே பெயரை மாற்றிக்கொண்டிருக்க, நாம் எங்ஙனம் அறிவது?” என்பர் சிலர். உண்மைதான். யூஃபில்லியா பேரினத்தில் இருந்த ஹேமர் வகைகள் 2017இல் ஃபிம்பிரியாஃபில்லியா என்னும் பேரினத்திற்கு மாற்றப்பட்டன. அவற்றுள் ஆங்கோரா, பாரங்கோரா என்னும் இரண்டிற்கும் உணர்கரங்களின் நுனி ஒன்றுபோலவே இருக்கும்; கூடு மட்டும் வேறு. ஆங்கோராவுக்கும் டிவிசாவுக்கும் கூடு ஒன்றுபோலவே இருக்கும், உணர்கரம் வேறு. எனவே உயிரையும் பார்க்கவேண்டும், கூட்டையும் பார்க்கவேண்டும். இவ்வளவு பார்த்தும் ஐயம் நீங்காவிடில் பேரினத்தோடு நிற்பதே நேர்மை. கற்பவளங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் பன்னாட்டு உடன்படிக்கையும், சிற்றினம் காண அரியவை சிலவற்றிற்குப் பேரினப் பெயரே போதும் என்று ஏற்கிறது. தெரிந்த அளவு சொல்வது அறிவு. தெரியாததற்குப் பகட்டுப் பெயர் சூட்டுவது வாணிகம்.

பெயரிட்டு எண்ணுதலின் பயனை மன்னார் வளைகுடா காட்டும். அங்கே சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்த காலம் உண்டு. கடல்மீன் ஆய்வு நிலையத்து அறிஞர் சி. எஸ். கோபிநாத பிள்ளை, கொத்துக் கொத்தாய் ஆராய்ந்து, 1986இல் 94 சிற்றினங்களைப் பட்டியலிட்டார். அதே ஆண்டில் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. 2001இல் இந்தியச் சட்டம் திட்டுக் கட்டும் பவளங்களைப் புலிக்கு நிகரான காப்புப் பட்டியலில் சேர்த்தது. வெறுங் கல் என்றே எண்ணியிருந்தால் எதைக் காத்திருப்பர்?

மலாக்காவுக்குரிய தஞ்சோங் துவான் கடலிலும் பவளங்கள் வாழ்கின்றன. மலாயிலும் அவற்றைப் ‘பத்து காராங்’ என்று கல்லாகவே சொல்கிறோம். ஈழத்தார் ‘முருகைக்கல்’ என்பர். சொல் கல்லாக இருக்கட்டும். பாடம் உயிராக இருக்கவேண்டும். தமிழாசிரியப் பெருமக்களே, பவளம் என்ற சொல் பாடத்தில் வரும்போது மணியோடு நின்றுவிடாதீர்கள். கிளையா, உருண்டையா, தட்டா? கிண்ணங்கள் தனித்தனியா, ஒட்டியனவா? உணர்கரத்தின் நுனி எவ்வாறு உள்ளது? இம்மூன்றையும் மாணவரைக் கேட்கச் செய்யுங்கள்.

என் மாணவரும் அன்றிரவே தொட்டியருகே அமர்ந்து பார்த்தார். கூடு சுவர்போல் வளைந்து நெளிந்திருந்தது. உணர்கரத்தின் நுனி நங்கூரம் போலிருந்தது. “ஆங்கோராவாக இருக்கலாம் ஐயா” என்றார். அந்த ‘இருக்கலாம்’ என்ற சொல்லுக்காகவே அவரை மீண்டும் என் மாணவராக ஏற்றுக்கொண்டேன்.