வலி ஓரிடம், விசை வேறிடம்

புனே நகரின் மேற்கே ஹிஞ்சேவாடிக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயங்கள் நிச்சயம்: வாகாட் அருகே போக்குவரத்து நெரிசல், கொஞ்ச நாளில் கழுத்து வலி. அங்குள்ள ராஜீவ் காந்தி இன்ஃபோடெக் பூங்காவில் கம்ப்யூட்டர் முன் குனிந்திருப்பவர்களில் என் அக்கா மகனும் ஒருவன். வலது தோளில் தொடங்கி நெற்றிப்பொட்டு வரை ஏறும் வலி. எட்டு மாதமாகிறது. "வேலையை விட்டுட்டு திருச்சிக்கே வந்துடட்டுமா, சித்தி?" என்று போனில் கேட்டபோதுதான் விபரீதம் உறைத்தது.

தலைக்கு ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. கோளாறு எதுவும் இல்லை. பிறகு ஒருவர் மாத்திரை கொடுத்தார், ஒருவர் ஊசி என்றார், இன்னொருவர் பத்து நாள் மசாஜுக்கு முன்பணம் கேட்டார். மூவரும் சொன்ன காரணம் ஒன்றே: 'ட்ரிக்கர் பாயின்ட்'.

மொழிபெயர்ப்பாளருக்கு இது நல்ல சொல். ட்ரிக்கர் என்றால் துப்பாக்கியின் விசை. விசை ஓரிடத்தில்; குண்டு பாய்வது வேறிடத்தில். 1938-ல் பிரிட்டனில் கெல்கிரென் என்ற டாக்டர் தசைகளில் உப்பு நீரை ஊசியால் செலுத்தி, வலி தூரத்தில் தோன்றுவதைக் காட்டினார். இதை விரித்து வரைபடமாக்கியவர் அமெரிக்காவின் ஜேனட் டிராவெல். 1961-ல் கென்னடியின் வெள்ளை மாளிகை டாக்டரானவர். டேவிட் சைமன்ஸுடன் அவர் எழுதிய கையேடு 1983-ல் வந்தது. தோள் தசையின் முடிச்சு பொட்டில் வலிக்கும் என்பது அதில் உண்டு.

சரி, எந்த வைத்தியம்? மரப்பு மருந்து ஊசி வலியைக் குறைக்கிறது. ஆனால் செக் டாக்டர் கரெல் லெவிட் 1979-லேயே மருந்தில்லாத வெறும் ஊசியும் பலிப்பதாக எழுதினார். 2001-ல் வெளியான ஆய்வுத் தொகுப்பும், உள்ளே போகும் மருந்து எதுவானாலும் பலனில் வித்தியாசமில்லை என்றது. தோள்பட்டை அருகே ஊசி ஆழமாகப் போனால் நுரையீரலைக் குத்தும் ஆபத்து உண்டு. அபூர்வம்தான் என்றாலும் தேர்ந்த கை வேண்டும். மசாஜும் நம்மூர் சுளுக்கு வழித்தலும் இதமானவை, இதம் நீடிப்பதில்லை. வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் விலை கொடுக்கும். இதற்கிடையே, 2015-ல் ஆஸ்திரேலியாவின் குவின்ட்னர் உள்ளிட்ட மூவர், இந்த 'முடிச்சு'க் கொள்கைக்கே ஆதாரம் போதாது என்று வாதிட்டார்கள்.

விலை குறைந்த வைத்தியத்துக்கு விளம்பரம் இல்லை. டென்மார்க்கில் அடிக்கடி கழுத்து, தோள் வலி வரும் 198 பேரை வைத்து நடந்த சோதனை 2011-ல் வெளியானது. வாரம் ஐந்து நாள், தினம் இரண்டே நிமிடம் ரப்பர் பட்டையை இழுத்தவர்களுக்கும் பத்து வாரத்தில் வலி குறைந்தது. 1937-ல் புனேவுக்கு வந்த பி.கே.எஸ். ஐயங்கார், பட்டையும் மரக்கட்டையும் கொடுத்து விறைத்த உடம்புகளை வளைத்த ஊர் இது என்பதும் நினைவுக்கு வருகிறது.

கை மரத்துப்போனாலோ, பலமிழந்தாலோ, காய்ச்சலோ நெஞ்சு வலியோ சேர்ந்தாலோ இந்தக் கணக்கு செல்லாது. உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அக்கா மகன் ரப்பர் பட்டை வாங்கி மூன்று மாதமாகிறது. வலி முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் ராஜினாமா கடிதம் இன்னும் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிறது.