விறகுக்கட்டும் நிறமூர்த்தமும்

மாரி மழையை அடுத்து எங்கள் பகுதியில் டெங்கு தலைதூக்குவது வழமை. பாசிக்குடாவில் ஒருவருக்குக் காய்ச்சலும் முரசில் குருதிக் கசிவும் கண்டு, குருதிச் சிறுதட்டுக்களும் வெண்கலங்களும் குறைவு என அறிக்கை வந்தால், டெங்கு என்றே அயலார் முடிவுகட்டி விடுவர். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். அரிதாக அது பிழைத்துப் போகும் தருணம் பற்றியே இக்குறிப்பு.

இதே அறிகுறிகளோடு வரும் ஒரு கடுங்குருதிப் புற்றுநோய் உண்டு. புரோமைலோசைட்டிக் லூக்கீமியா என்பது அதன் பெயர். 1957 இல் நோர்வே வைத்தியர் ஹில்லஸ்டாட் அதனைத் தனி நோயாக இனங்காட்டினார். நுணுக்குக்காட்டியில் பார்த்தால், கலத்தினுள் ஊசி போன்ற கோல்கள் விறகுக்கட்டுப் போல் அடுக்கிக் கிடக்கும். இருபது ஆண்டுகளின் பின், 1977 இல், சிக்காகோவின் ஜனட் ரவுலி குழுவினர் காரணத்தைக் கண்டனர்: 15 ஆம், 17 ஆம் நிறமூர்த்தங்கள் முறிந்து துண்டுகளை மாற்றிக்கொண்டிருந்தன. கலத்தின் முகத்தில் தெரிந்தது நிறமூர்த்தத்தின் காயமே.

அம்முறிவு சிதைப்பது விற்றமின் ஏ வழிச் சேர்மம் ஒன்றை ஏற்கும் மரபணுவை. எனவேதான் அச்சேர்மத்தையே குளிசையாகக் கொடுத்தால், முதிராக் கலங்கள் முதிர்ந்து மடிகின்றன. ஷங்காய் வைத்தியர்கள் 1988 இல் இதனை உலகறியச் செய்தனர். நம் முன்னோர் பாஷாணம் என்றழைத்த ஆசனிக்கும் இந்நோய்க்கு மருந்தாயிற்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1998 முதல் 2004 வரை 72 பேருக்கு ஆசனிக் மட்டுமே முதன்மை மருந்தாக வழங்கப்பட்டது. 86 சதவீதத்தினரில் நோய் முற்றாக அடங்கியதாக 2006 இல் அறிவித்தனர்.

இத்துணை குணமாகக்கூடிய நோயில் ஏன் உயிர்கள் போகின்றன? முதல் நாள்களில் மூளையிலோ நுரையீரலிலோ ஏற்படும் குருதிப்பெருக்கினால். ஆகவே, சந்தேகம் எழுந்தவுடனேயே குளிசையைத் தொடங்குக, நிறமூர்த்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராதே என்பதே வைத்திய உலகின் விதி. அச்சந்தேகத்தை எழுப்ப வல்லது கண்ணாடித் துண்டில் பூசிய ஒரு துளிக் குருதியும் அதனைப் படிக்கத் தெரிந்த கண்ணுமே.

தோற்றம் ஏமாற்றுவதும் உண்டு. இந்நோயின் ஒரு வகையில் கலத்தினுள் மணிகள் புலப்படா; கரு இரட்டைப் பிளவாய்த் தோன்றும். சிலரில் குருதியில் தீய கலங்கள் அரிதாகவே இருக்கும். என்புமச்சையைப் பார்த்தாக வேண்டும். இறுதித் தீர்ப்பை நிறமூர்த்தமே வழங்கும். ஆயினும் முதல் எச்சரிக்கை நுணுக்குக்காட்டியினுடையது.

மஹரகம புற்றுநோய் வைத்தியசாலை நாட்டின் மறுகரையில் இருக்கிறது. நிறமூர்த்த ஆய்வுகூடத்தை ஊர்தோறும் நிறுவுவது இயலாது; நான் அதனைக் கோரவும் இல்லை. கோருவது மூன்று: வாழைச்சேனை போன்ற ஆதார வைத்தியசாலைகளில் குருதிப் பூச்சைப் படிக்கத் தொடர் பயிற்சி, ஐயம் எழுந்தால் அப்படத்தைக் கைப்பேசி வழியே குருதியியல் நிபுணருக்கு உடனே அனுப்பும் ஒழுங்கு, மட்டக்களப்பிலாவது முதற்சில நாள்களுக்குப் போதிய குளிசைகள் எப்போதும் கையிருப்பில்.

அரிய நோய்க்கு இவ்வளவு ஏன் என்று கேட்கலாம். 2017 இல் 186,000 க்கும் மேற்பட்ட டெங்குச் சந்தேக நோயாளரைக் கண்ட நாடு இது. அத்தகைய கூட்டத்தினுள் ஒருவர் வேறு நோயோடு நின்றால், எண்ணிக் காட்டும் இயந்திரம் மட்டும் அவரை இனங்காணும் என்று நம்பியிருக்க முடியாது. ஒரு மனிதக் கண் குனிந்து பார்த்தாக வேண்டும்.