ஒரே சீட்டு யாருக்கு?

பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே சீட்டு வழங்கும் 'சென்னை ஒன்' செயலி 2025 செப்டம்பரில் வந்தது. ஆட்டோவையும் அதிலேயே அழைக்கலாம். நல்ல ஏற்பாடு, வரவேற்கிறோம். ஆயினும், ஒரகடத்தை அடுத்த சேரப்பணஞ்சேரித் தொழிலாளிக்கு இதனால் என்ன சௌகரியம்?

2021 முதல் சாதாரண நகரப் பஸ்களில் ஸ்திரீகளுக்குக் கட்டணமில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஆட்டோவுக்குக் கூலியைக் கொடுக்க நேர்ந்தால், அச்சலுகை பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. பஸ்ஸுக்குத் துணையாக ஆட்டோ வருவது நியாயம். பஸ்ஸுக்குப் பதிலாக வருவது அநீதி.

ஆகவே, ஆலைகளின் ஷிப்டு நேரத்தை அனுசரித்து மினி பஸ்கள் ஓட வேண்டும். ஷேர் ஆட்டோக் கட்டணத்தை நிர்ணயித்து, அதே சீட்டில் சேர்க்க வேண்டும். செயலியை உபயோகிக்க இயலாதவர்களுக்குக் கண்டக்டரிடமே அச்சீட்டுக் கிடைக்க வேண்டும். சர்க்கார் இவற்றைத் தாமதமின்றிச் செய்வார்களாக.