நாலு சக்கரமும் இழுத்தா போதுமா? ஸ்போர்ட்ஸ் கார் விவாதமும் பழவேற்காடு மணல் சொல்லும் பதிலும்

சென்னையில் இருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். பொன்னேரி தாண்டி பழவேற்காடு போய், ஏரிப் பாலத்தைக் கடந்தால் லைட் ஹவுஸ் குப்பம். ரோடு முடிந்த பிறகு கடல் வரைக்கும் மணல்தான். "நம்ம வண்டி ஆல் வீல் டிரைவ் ஆச்சே, இறக்கிப் பார்க்கலாம்" என்று ஆசை வரும் இடம் இது. ஆனால் இறக்கினால் பல நேரம் நடப்பது வேறு. நாலு சக்கரமும் சுற்றும், வண்டி மட்டும் நகராது. மண் மேலே பறக்கும், வண்டி கீழே இறங்கும்.

கடைசியில் இழுத்து வெளியே போட டிராக்டர்தான் வர வேண்டும். அந்த டிராக்டருக்கு இன்ஜின் சக்தி போவது பெரும்பாலும் பின் சக்கரம் இரண்டுக்கு மட்டும்தான்!

நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி மாட்டிக்கொள்கிறது, ரெண்டு சக்கரம் இழுக்கும் வண்டி காப்பாற்றுகிறது. இது எப்படி? இந்தக் கேள்விக்கான பதிலில்தான், கார் பிரியர்கள் பல வருஷமாகப் பேசும் "ஆல் வீல் டிரைவா, ரியர் வீல் டிரைவா" விவாதத்துக்கான பதிலும் இருக்கிறது.

முதலில், வித்தியாசம் என்ன?

ரியர் வீல் டிரைவ் காரில் இன்ஜின் சக்தி பின் சக்கரங்களுக்கு மட்டும் போகும். முன் சக்கரங்களின் வேலை வண்டியைத் திருப்புவது. ஆல் வீல் டிரைவில் சக்தி நாலு சக்கரங்களுக்கும் பிரிந்து போகும்.

இங்கே கவனிக்க வேண்டியது டயரின் பிடிமானம், அதாவது கிரிப். ஒரு டயருக்கு ஒரு நேரத்தில் இவ்வளவுதான் கிரிப் என்று ஒரு அளவு இருக்கிறது. வேகம் எடுக்க, திரும்ப, பிரேக் போட என எல்லாவற்றுக்கும் அந்த அளவுக்குள்தான் பங்கு போட வேண்டும். மாதச் சம்பளம் மாதிரி. ஒன்றுக்கு அதிகம் செலவானால் இன்னொன்றுக்குக் குறையும்.

ரேஸ் கார்கள் ஏன் பின் சக்கரத்தையே நம்புகின்றன?

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் 3-ஆம் இடம் பிடித்தது நினைவிருக்கும். அந்த அணி இறக்கிய போர்ஷே 911 ஜிடி3 கப், பின் சக்கர டிரைவ் கார். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் பாதையில் சீறிய பார்முலா 4 கார்களும் அப்படித்தான்.

காரணம் எளிமையானது. கார் வேகம் எடுக்கும்போது அதன் எடை பின்பக்கம் சாயும். பஸ் திடீரென கிளம்பினால் நாம் பின்னால் சாய்வோமே, அதே கதைதான். எடை ஏற ஏற பின் டயர்களின் கிரிப் கூடும். சக்தியும் அங்கேயே போனால் லாபம். முன் டயர்கள் தங்கள் கிரிப்பை திருப்புவதற்கு முழுசாகப் பயன்படுத்தலாம். கூடுதல் ஷாஃப்ட், கியர் எதுவும் வேண்டாம் என்பதால் எடையும் குறைவு.

பார்முலா 1-இல் நாலு சக்கர டிரைவை முயற்சி செய்யாமல் இல்லை. 1961-இல் இங்கிலாந்தின் ஓல்டன் பார்க்கில், மழை ஈரம் காயாத பாதையில், ஃபெர்குசன் பி99 என்ற நாலு சக்கர டிரைவ் காரில் ஸ்டர்லிங் மாஸ் ஜெயித்தார். அந்த வகை கார் ஜெயித்த ஒரே பார்முலா 1 ரேஸ் அதுதான். 1969-இல் லோட்டஸ், மெக்லாரன், மாத்ரா அணிகள் திரும்பவும் முயற்சி செய்தன. எடை கூடியது, கையாள்வதும் கஷ்டமானது, பலன் கிடைக்கவில்லை. 1983-இல் இருந்து அங்கே நாலு சக்கர டிரைவுக்கே தடை.

அப்போ நாலு சக்கரம் எங்கே ஜெயிக்கும்?

தரை வழுக்கும் இடத்தில். 1980-இல் ஆடி குவாட்ரோ அறிமுகமானது. 1982-இல் உலக ரேலி சாம்பியன்ஷிப்பில் ஆடி நிறுவனம் பட்டம் வென்றது. மண், ஜல்லி, பனி எல்லாம் கலந்த ரேலி பாதையில் பின் டயர் இரண்டுக்கே முழு சக்தியும் போனால் அவை சும்மா சுற்றும். அதே சக்தியை நாலாகப் பிரித்தால் ஒவ்வொரு டயரின் சுமையும் குறையும், வண்டி முன்னேறும்.

இதில் நம்ம ஊர் பெயரும் உண்டு. சென்னையைச் சேர்ந்த எம்ஆர்எஃப் டயர்களுடன் ஓடிய ஓட்டுநர் 2022-இல் ஐரோப்பிய ரேலி சாம்பியன் பட்டம் வென்றார். அது நாலு சக்கர டிரைவ் காரில் வந்த வெற்றி.

நல்ல ரோட்டில் வித்தியாசம் எவ்வளவு?

ஒரே கார், இரண்டு டிரைவ். 2019-இல் வந்த போர்ஷே 911 கரேரா எஸ், ஆட்டோமேட்டிக் கியருடன் 100 கிலோமீட்டர் வேகத்தை 3.7 வினாடியில் தொடும். அதன் ஆல் வீல் டிரைவ் வகையான 4எஸ் 3.6 வினாடியில் தொடும். வித்தியாசம் 0.1 வினாடி. உச்ச வேகத்தில் பின் சக்கர கார் 308, ஆல் வீல் கார் 306. எடையில் ஆல் வீல் கார் சுமார் 50 கிலோ கூடுதல்.

காய்ந்த, நல்ல ரோட்டில் இவ்வளவுதான் விஷயம். மழை பெய்தால், மண் வந்தால்தான் ஆல் வீல் டிரைவின் அருமை தெரியும்.

டிராக்டரின் ரகசியம்

இப்போ பழவேற்காட்டுக்குத் திரும்புவோம். கிழக்குக் கடற்கரையின் மீனவர் குப்பங்களில் ஃபைபர் படகைக் கரையேற்ற டிராக்டர் பயன்படுத்துவது சகஜம். பின் சக்கரம் மட்டும் இழுக்கும் அந்த வண்டி மணலில் ஜெயிப்பதற்கு மூன்று காரணங்கள்.

ஒன்று, எடை. டிராக்டரின் எடையில் பெரும்பகுதி பின் சக்கரத்தின் மேல் இருக்கும். டயருக்குள் தண்ணீர் நிரப்பி எடை கூட்டுவதும் உண்டு. பின்னால் கயிறு கட்டி இழுக்கும்போது பாரம் இன்னும் பின்னுக்குப் போகும். இன்ஜினைப் பின்னால் வைத்திருக்கும் போர்ஷே 911-இன் கணக்கும் இதேதான். இழுக்கிற சக்கரத்தின் மேல் எடை இருக்க வேண்டும்.

இரண்டு, டயர். பெரிய விட்டம், ஆழமான பட்டைகள், குறைந்த காற்று. காரின் டயரில் 30 பிஎஸ்ஐக்கு மேல் காற்று இருக்கும். டிராக்டரின் பின் டயருக்கு அதில் பாதியே போதும். அதனால் டயர் மணலில் குத்தி இறங்காமல் பரவி நிற்கும்.

மூன்று, வேகம். டிராக்டர் மெதுவாக, ஒரே சீராக இழுக்கும். எஸ்யூவி ஓட்டுபவர் பதற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதிப்பார். சக்கரம் சுற்றச் சுற்ற குழி ஆழமாகும். ஆல் வீல் டிரைவ் என்றால் ஒரே நேரத்தில் நாலு குழி!

ஆக, எத்தனை சக்கரம் இழுக்கிறது என்பது பாதிக் கதைதான். டயர் எதன் மேல் நிற்கிறது, எவ்வளவு எடையோடு நிற்கிறது என்பதே மீதிக் கதை.

பிரேக் போடும்போது யாருக்கு லாபம்?

பலர் தப்பாக நினைக்கும் இடம் இது. எல்லா கார்களிலும் பிரேக் நாலு சக்கரத்திலும்தான் இருக்கிறது. அதனால் நிற்பதற்கு ஆல் வீல் டிரைவ் ஒரு அடி கூட உதவாது. கூடுதல் எடை இருப்பதால் பிரேக்குக்கு வேலைதான் அதிகம்.

ஆபத்தும் இங்கேதான். மழையில் சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில் பின் சக்கர கார் வழுக்கினால், வால் வீசி ஓட்டுநரை முன்கூட்டியே எச்சரிக்கும். ஆல் வீல் கார் எதுவுமே நடக்காத மாதிரி வேகம் எடுக்கும். ரோடு வழுக்குகிறது என்பதே பிரேக்கை மிதிக்கும்போதுதான் தெரியவரும்.

குப்பத்து மக்களுக்கு இதில் என்ன?

நகரத்தில் இருந்து வருபவர்களுக்கு அது பீச். கூனங்குப்பம், லைட் ஹவுஸ் குப்பம் மாதிரியான ஊர்களுக்கு அது வேலை செய்யும் இடம். வலை காய்வதும், படகு நிற்பதும், மீன் உலர்வதும் அந்த மணலில்தான். சக்கரம் ஏறிக் கிழிந்த வலைக்கு யார் பதில் சொல்வது? மாட்டிய காரை எடுக்கப் போகும் நேரத்தில் டிராக்டரின் அன்றைய வேலையும் நின்றுபோகும்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை இந்தக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். டயர் போன தடத்தில் விழுந்த குட்டி ஆமை, ஏறி வெளியே வர முடியாமல் அங்கேயே தவிக்கும்.

ஏரியின் ஆந்திரப் பக்கம், சூளூர்பேட்டை - ஸ்ரீஹரிகோட்டா வழியில் கோடையில் வற்றும் ஏரிப்படுகையும் ஏமாற்றும். மேலே காய்ந்து வெடித்திருக்கும், கீழே சேறு இருக்கும். அங்கே கனமான வண்டிதான் முதலில் புதையும்.

வண்டி வாங்குபவர்கள் என்ன செய்யலாம்?

2023 ஜனவரியில் இருந்து மஹிந்திரா தார், பின் சக்கர டிரைவிலும் விற்பனைக்கு வருகிறது. பார்க்க நாலு சக்கர டிரைவ் தார் மாதிரியேதான் இருக்கும். மணலில் இறங்கினால்தான் வித்தியாசம் புரியும். அதனால் பேட்ஜைப் பார்க்காமல், எங்கே ஓட்டப் போகிறோம் என்று பார்ப்பது நல்லது. தினமும் நகரம், ஹைவே என்றால் பின் சக்கர டிரைவ் போதும். மலை, சேறு, காட்டுப் பாதை என்றால் நாலு சக்கர டிரைவுக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை. எதை வாங்கினாலும் நல்ல டயருக்கு மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

தெரியாமல் மணலில் மாட்டிக்கொண்டால் ஆக்சிலரேட்டரை விடுங்கள். டயர் காற்றை 15 முதல் 20 பிஎஸ்ஐ வரை குறையுங்கள். சக்கரத்தின் முன்னால் இருக்கும் மணலைத் தள்ளிவிட்டு, ஸ்டீயரிங்கை நேராக வைத்து மெதுவாக நகருங்கள். ரோடு ஏறியதும் காற்று நிரப்ப மறக்காதீர்கள்.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. பழவேற்காட்டில் ரோடு முடியும் இடத்தில் காரை நிறுத்துங்கள். கடல் வரைக்கும் நடந்து போகும் தூரம்தான்.