எலும்பை அவசரப்படுத்தாதீங்க!

காரைக்குடியில பொறந்துட்டு சீப்புச்சீடை கடிக்க முடியலைன்னா என்ன பொழப்பு? கடைவாய்ப்பல் போன இடத்துல இம்ப்ளாண்ட் வச்சேன். "மூணு மாசம் அந்தப் பக்கம் கடிக்கக் கூடாது"ன்னுட்டார் டாக்டர். 'மூணே நாளில் பல்' விளம்பரத்தைப் பார்த்துட்டு, இவர் இழுத்தடிக்கிறார்னு மனசுக்குள்ள திட்டினேன். தப்பு என்னோடது.

எலும்பு கல் இல்லீங்க, உயிருள்ளது. வேலை குடுத்தா கெட்டிப்படும், குடுக்காட்டி கரையும். 1892-லயே ஜெர்மனியின் யூலியஸ் வோல்ஃப் எழுதி வச்சது இது. எங்க ஆச்சியோட பல்செட் வருஷாவருஷம் லூசானதுக்குக் காரணம் செட் இல்லை, பல் போனப்புறம் தேஞ்சுக்கிட்டே வந்த தாடை!

அப்ப உடனே கடிச்சா நல்லதுதானேன்னு கேப்பீங்க. அங்கதான் விஷயம். எலும்பு பிடிக்கிறதுக்குள்ள திருகு சுமார் 150 மைக்ரானுக்கு மேல ஆடினா, சுத்தி எலும்புக்குப் பதிலா நார்த்திசு வளர்ந்துடும். அதனாலதான் ஸ்வீடனின் பிரோனமார்க், 1965-ல முதல் நோயாளிக்கு டைட்டானியம் திருகு வச்சப்பவே மாசக்கணக்கில காத்திருந்தார்.

சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி ஒரு தசைநார் இருக்கு. கம்பி கட்டி விடாம இழுத்தா பல் நகர்றது அதனாலதான். இம்ப்ளாண்டுக்கு அந்த மெத்தை கிடையாது. நகராது, ஆனா சுமை நேரா எலும்புக்குப் போகும். ராத்திரி பல்லை நறநறன்னு கடிக்கிறவங்க டாக்டர்கிட்ட அதை மறைக்காதீங்க.

திருகு முதல்லயே இறுக்கமா நின்னா சில பேருக்கு உடனே பல் மாட்டலாம், நெஜம்தான். ஆனா அதை எலும்பைப் பார்த்து முடிவு பண்ணணும், விளம்பரத்தைப் பார்த்து இல்லை.

நாலாம் மாசம் கடிச்சேன். 'கடக்'! உடைஞ்சது சீடைதான் :-)