வீட்டிலேயே டிஷ்வாஷ் லிக்விட்: உப்பு போடும்போது உஷார்!

பாத்திரம் கழுவும் லிக்விடை வீட்டில் தயாரிக்கும் பலரும் கோட்டை விடுவது கடைசிக் கட்டத்தில்தான். எல்லாம் கலந்தாகிவிடும், ஆனால், லிக்விட் தண்ணீர் மாதிரி ஓடும். கெட்டியாகட்டும் என்று ஒரு கைப்பிடி உப்பை அள்ளிப் போடுவார்கள். அது இன்னும் நீர்த்துப் போகும். உப்பு ஓர் அளவு வரைதான் கெட்டியாக்கும். அதைத் தாண்டினால் அதே உப்பு இளக்கிவிடும்.

ஏறக்குறைய 1 லிட்டர் லிக்விடுக்கு, சோப் கெமிக்கல் கடையில் 70 சதவிகித எஸ்.எல்.இ.எஸ். பேஸ்ட் 150 கிராம், சி.ஏ.பி.பி. 40 கிராம், சோடியம் பென்சோயேட் 5 கிராம், கொஞ்சம் சிட்ரிக் ஆசிட் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பூன் கணக்கு வேண்டாம், டிஜிட்டல் தராசில் நிறுத்துவிடுங்கள். ஆசிட் ஸ்லரி சேர்த்த 'கிட்' மலிவாகக் கிடைக்கும். அது தோலை அரிக்கும். காஸ்டிக் சோடா வேறு கலக்க வேண்டியிருக்கும். குழந்தைகள் நடமாடும் வீட்டுக்கு அது சரிவராது.

கொதிக்கவைத்து ஆறிய 700 மில்லி தண்ணீரில் முதலில் சோடியம் பென்சோயேட்டைக் கரையுங்கள். லிக்விட் கெட்டுப் பூஞ்சை பிடிக்காமல் காப்பது இதுதான். பிறகு பேஸ்ட்டைப் போட்டு, நுரை கிளம்பாமல் மெதுவாகக் கிளறி, மூடி இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் கட்டிகள் தானாகக் கரைந்திருக்கும். மிக்ஸியில் அடிப்பது வீண் வேலை. நுரை அடங்கவே ஒரு நாள் ஆகும்.

அடுத்து சி.ஏ.பி.பி. சேருங்கள். தண்ணீரில் கரைத்த சிட்ரிக் ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பி.ஹெச். தாளில் 5 முதல் 5.5 வருகிறதா என்று பாருங்கள். அதற்கு மேலே போனால் பென்சோயேட்டின் வேலை குறைந்துவிடும். எலுமிச்சைச் சாறு வேண்டாம். வாசனை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் சீக்கிரம் கெட்டுவிடும்.

இப்போது உப்பு. 20 கிராம் தூள் உப்பை 80 மில்லி தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு ஸ்பூனாக விட்டுக் கிளறுங்கள். தேன்போல இறங்கும் பதம் வந்ததும் நிறுத்திவிடுங்கள், உப்புத் தண்ணீர் மீதி இருந்தாலும் பரவாயில்லை. கை தவறி அளவு கூடிவிட்டால் 20 கிராம் பேஸ்ட்டை 100 மில்லி தண்ணீரில் கரைத்துச் சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலும் பதம் திரும்பிவிடும்.

பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள். ஜூஸ் என்று நினைத்துக் குழந்தைகள் குடித்துவிடலாம். சுத்தமான, ஈரமில்லாத வேறு பாட்டிலில் ஊற்றி, பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள்.